இடது காதில் துடி, வலது காதில் இழை

என் காதில் யாரும் அவ்வளவு சுலபமாகப் பூச்சுற்றிவிட முடியாது. பெருமைக்குச் சொல்லவில்லை, அதுதான் என் பிழைப்பு. பதினோரு வருடமாக, வயர் இல்லாத இயர்பட்களைக் காதில் மாட்டிக்கொண்டு நடந்து, ஓடி, வியர்த்து, பஸ்ஸில் தொங்கி, சமைத்து, எது தேறும் எது தேறாது என்று ஓர் இணையப் பத்திரிகையில் எழுதுகிறேன். கம்பெனிக்காரன் பேட்டரி எட்டு மணி நேரம் வரும் என்றால் நான் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்காருவேன். ஐந்தே முக்கால் மணி நேரத்தில் செத்தால் அதை அப்படியே எழுதுவேன். சுகுணா எழுதினால் சரியாக இருக்கும் என்று கோயமுத்தூரில் நாலு பேர் சொல்கிறார்கள். என் வீட்டுக்காரர் மட்டும், "சந்தேகப்படறதுக்குச் சம்பளம் வாங்கறவ இந்த ஊருலயே நீ ஒருத்திதான்" என்பார்.

என்பார் என்றா சொன்னேன்? முன்பு சொல்வார். ஆறு மாதமாக அப்படியெல்லாம் பேசுவதில்லை. பிரச்சினையே அதுதான்.

என் வேலை முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஜோடிகளை ஒப்பிட வேண்டுமென்றால் முதல் வாரம் முழுக்க ஒன்று, இரண்டாம் வாரம் முழுக்க மற்றது. மூன்றாம் வாரம் இடது காதில் ஒன்று, வலது காதில் ஒன்று. பார்க்கிறவர்கள், செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். ஒரே சத்தத்தை ஒரே நேரத்தில் இரண்டும் கேட்டால்தான் குட்டு வெளிப்படும்.

இந்தத் தடவை வந்தவை துடி, இழை என்ற இரண்டு. துடி உடற்பயிற்சிக்காரர்களுக்கு. குதித்தாலும் விழாது, வியர்வையில் வழுக்காது, காதுக்குள் ஓடும் ரத்தத்தை வைத்து இதயத்துடிப்பைக் கணக்கிடும். இழை அன்றாடப் பாட்டுக்கும் போனுக்கும். நாள் முழுக்கக் கிடந்தாலும் காது வலிக்காது, ஆனால் குனிந்து நிமிர்ந்தால் கழன்று விழும். இரண்டிலுமே வெளியொலி என்று ஒரு வசதி உண்டு. வெளியே கேட்கும் சத்தத்தை மைக் வாங்கி உள்ளே கொடுக்கும், அதனால் யாருடனாவது பேசும்போதுகூடக் கழற்ற வேண்டாம். இப்போதெல்லாம் யார்தான் கழற்றுகிறார்கள்? போன மாதம் ஒரு கல்யாணத்தில் தாலி கட்டுகிறவன் காதிலேயே பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் பெயர் திருமூர்த்தி. பம்ப்செட் கம்பெனியில் சோதனைப் பிரிவு மேற்பார்வையாளர். ஆறு மாதத்துக்கு முன் வேலையிடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஸ்டென்ட் வைத்தார்கள். தினமும் நடக்க வேண்டும், கோபம் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். நான் எழுதி, நானே பத்துக்கு ஒன்பது மதிப்பெண் போட்ட பழைய மாடல் துடியைத்தான் அவருக்கு வாங்கிக்கொடுத்தேன். நானே உட்கார்ந்து போனோடு இணைத்தும் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு மனுஷன் மாறிப்போனார். அதற்கு முன்பு நாங்கள் சண்டை போட்டால் மேல் மாடிக்காரர்கள் டிவி சத்தத்தைக் குறைப்பார்கள், எங்களைக் கேட்பதற்காக. இப்போது நான் என்ன கத்தினாலும் ஒரே பதில்தான். "சரி அம்மிணி, நல்லது." சிரிப்பு வேறு. கொடுத்து வைத்தவள் என்றார்கள் என் தோழிகள். கோபக்காரப் புருஷன் திடீரென்று சாந்தமூர்த்தியானால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் சந்தேகம் வராது? வேறு யாரோ இருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவர் குளிக்கும்போது சட்டைப் பையைத் துழாவினேன், போனில் யார் யாருடன் பேசியிருக்கிறார் என்று பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததால் சந்தேகம் இன்னும் கூடியது.

பிறகுதான் அந்த வியாழக்கிழமை வந்தது. அவர் நடந்துவிட்டு வந்து ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தேன். பக்கத்தில் போய் நின்று சொன்னேன்.

"ஏனுங்க, டாக்டரப் பார்த்துட்டு வந்தனுங்க. மாருல ஒரு கட்டி இருக்குதாம். ஊசி வெச்சு எடுத்துச் சோதிக்கோணும்ங்கறாங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "சரி அம்மிணி, ரொம்ப நல்லது. கொஞ்சம் மோர் கொண்டா."

மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். தம்ளரிலிருந்து கொஞ்சம் சிந்தியது, அதையும் அவர் பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தியவர். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்களே, அன்றைக்கு அந்தச் சங்கு நான்தான். ஒரு தடவை சொல்லியாயிற்று, இரண்டாம் தடவை பிச்சை கேட்க மாட்டேன் என்று முடிவு பண்ணினேன். எனக்கு அந்த வீம்பு சின்ன வயதிலிருந்தே உண்டு.

சனிக்கிழமை பார்சல் வந்தது. துடி வாரம் தொடங்கியது. காதில் அதை மாட்டிக்கொண்டே தனியாகப் போய் ஊசிச் சோதனை செய்துகொண்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை முடிவு. டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். "பயப்பட ஒண்ணுமில்லீங்க. நிதானமாப் பார்த்துக்கலாம். வீட்டுக்காரரைக் கேட்டதாச் சொல்லுங்க." எனக்கு உயிர் திரும்பி வந்தது. அவர் கொடுத்த ரிப்போர்ட் கவரைப் பிரிக்காமலே கொண்டுவந்து பிரிட்ஜ் மேல் வைத்தேன். வீட்டுக்காரரிடம் எதையும் சொல்லவில்லை. அவருக்கு எதற்குச் சொல்ல வேண்டும்?

அந்த வாரத்துக் குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: "பொருத்தம் ஒன்பது. வியர்வை ஒன்பது. பாட்டு ஏழு. ஏனோ மனசு லேசாக இருந்தது. அபார்ட்மென்ட் செயலாளர்கூட மரியாதையாகப் பேசினார்." இதைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கள் செயலாளர் பெற்ற தாயிடம்கூட மரியாதையாகப் பேசாத பிறவி.

இரண்டாம் வாரம் இழை. பாட்டு அருமை. தெரியாத எண்ணிலிருந்து மூன்று நான்கு தடவை போன் வந்தது, லோன் வேண்டுமா என்று கேட்கிறவர்களாக இருக்கும் என்று எடுக்கவில்லை. மூன்றாம் வாரம் புதன்கிழமை காலை, இடது காதில் துடி, வலது காதில் இழை, இரண்டிலும் வெளியொலி, ரேஸ்கோர்ஸுக்கு நடக்கப் போனேன்.

நடைபாதையிலிருந்து இறங்கி ரோட்டைத் தாண்டும்போது ஒரு பைக் என் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் கிரீச்சென்று நின்றது. நெஞ்சு படபடவென்று அடித்தது. ஓட்டி வந்த ஆள், முகமெல்லாம் சிவந்து, வாயைத் திறந்தான்.

வலது காதில் கேட்டது: "கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது? சாகறதுக்கு என்ற வண்டிதான் கெடச்சுதா?"

இடது காதில், அதே நேரத்தில், அதே ஆளின் குரலில் கேட்டது: "பார்த்துப் போங்கம்மா, வண்டி வருதல்லோ."

நான் அப்படியே நின்றேன். பின்னால் இரண்டாவது ஆள் யாராவது இருக்கிறானா என்று பார்த்தேன். இல்லை. அந்த ஆள் கியரைப் போடுவதற்குள் ஓடிப்போய் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன்.

"தம்பி, இப்பத் திட்டுனீங்கல்லொ? அதையே இன்னொருக்கா திட்டுங்க."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "காலங்காத்தால எங்கிருந்துதான் வருதுகளோ பைத்தியம்" என்றது வலது காது. "நேரமாச்சு, வரட்டுங்களா" என்றது இடது காது. அவன் போய்விட்டான். நான் பக்கத்தில் இருந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து, துடி கம்பெனியின் ஃபர்ஹானாவைப் போனில் கூப்பிட்டேன். பொருள் அனுப்புவதும் என் கேள்விகளுக்குப் பதில் சொல்வதும் அந்தப் பெண்தான். மென்பொருள் பிரிவில் இருந்து வந்தவள், நல்ல பெண், வீட்டுக்காரருக்குத் துடி வாங்கியதும் அவள் மூலமாகத்தான். இரண்டு இயர்பட்களையும் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, போனைக் காதோடு வைத்துப் பேசினேன்.

"ஃபர்ஹானா, உங்க துடி அடுத்தவங்க பேசறத மாத்துதா?"

"வணக்கம்க்கா. பேட்டரி எப்படி..."

"பேட்டரி கெடக்கட்டும். கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"அக்கா, இது எழுதறதுக்கா, இல்ல உங்களுக்கா?"

"முதல்ல எனக்கு."

"இதயக் காவல்னு ஒண்ணு இருக்குல்ல, அதை ஆன் பண்ணியிருக்கீங்களா? நூத்திப் பத்துன்னு வரம்பு வச்சிருந்தா, துடிப்பு அதைத் தாண்டாமப் பார்த்துக்கும். ஒருத்தர் பேச ஆரம்பிக்கறப்பவே, தொனிய வச்சு, உங்க ரத்த ஓட்டத்த வச்சு, ஏறப்போகுதுன்னு கண்டுபிடிச்சிடும். யார் பேசினா ஏறுதுன்னும் கத்துக்கும். அந்தப் பேச்சோட கடுமையைக் குறைச்சு உள்ள அனுப்பும்."

"குறைக்குமா, மாத்துமா?"

"முதல்ல சத்தத்த மட்டும்தான் குறைச்சோம்க்கா. ஆனா மெதுவாச் சொன்னாலும் கெட்ட சேதி கெட்ட சேதிதானே? துடிப்பு ஏறிடுச்சு. அதனால போன வருஷத்துலேர்ந்து வாக்கியத்தையும்... அவங்க குரல்லயே."

"உதடு ஒண்ணு சொல்லும், காது ஒண்ணு கேட்கும். யாருக்கும் தெரியாதா?"

"பேசறவங்க உதட்ட இப்ப யார்க்கா பார்க்கறாங்க? கேட்கறவங்க போனைத்தானே பார்க்கறாங்க."

"அடிப்பாவி! யாரக் கேட்டு இத பண்ணுனீங்க?"

"உங்களக் கேட்டுத்தான்க்கா. பதினேழாவது பக்கத்துல இருக்கு. ஏற்கிறேன்னு அழுத்தியிருப்பீங்க."

வருடத்துக்கு நாற்பது இயர்பட் என் கைக்கு வருகிறது. நாற்பதுக்கும் ஏற்கிறேன், ஏற்கிறேன், அடுத்து, அடுத்து. பேட்டரியை நிமிடக் கணக்கில் சந்தேகப்படுகிறவள், அந்தப் பக்கங்களை ஒரு தடவைகூடப் படித்ததில்லை. அவருடையதை இணைத்தபோதும் அதே வேகம்தான். எனக்குப் புதுசு வந்தபோது, "வீட்டில் உள்ள அமைப்பையே இதற்கும் வைக்கட்டுமா?" என்று கேட்டது. அதற்கும் ஏற்கிறேன்.

"அக்கா," என்றாள் ஃபர்ஹானா, குரலைத் தாழ்த்தி. "திருமூர்த்தி சாருக்கு ஆறு மாசமா நூத்திப் பத்தத் தாண்டியிருக்காது. ஸ்டென்ட் வச்ச மனுஷன். அது நல்லதுதானே?"

"மாத்தினத எங்கியாச்சும் எழுதி வெக்குதா?" என்று மட்டும் கேட்டேன்.

"முப்பது நாளுக்கு வைக்கும்க்கா. செயலியில, அமைப்புகள்ல, கடைசிக்கும் கடைசியா ஒரு பக்கம் இருக்கு. அதுவரைக்கும் யாரும் போறதில்ல."

வீட்டுக்கு வந்தேன். அவருக்கு அன்று பிற்பகல் ஷிப்ட். இரண்டு காதிலும் துடியோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "போனக் குடுங்க" என்றேன். எதற்கு என்றுகூடக் கேட்காமல் சிரித்துக்கொண்டே கொடுத்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து முதல் தடவையாக எனக்குப் பயம் வந்தது.

படுக்கையறையில் உட்கார்ந்து அந்தக் கடைசிப் பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். மேலே ஒரு பட்டியல். "அதிகம் மென்மையாக்கப்பட்ட குரல்கள்." முதல் இடம் சுகுணா, இதுவரை ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு முறை. இரண்டாம் இடம் அவருடைய தம்பி, அறுபத்து மூன்று முறை. வேறு யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்று நான் தேடிக்கொண்டிருந்தேனே, கிடைத்துவிட்டாள். என் குரலிலேயே பேசுகிற, கோபமே வராத, பயமே இல்லாத ஒரு சுகுணா. ஆறு மாதமாக அவர் அவளோடுதான் குடும்பம் நடத்தியிருக்கிறார்.

கீழே தேதி தேதியாக இரண்டு வரிசை, பேசியது என்று ஒன்று, கேட்டது என்று ஒன்று. அந்த வியாழக்கிழமைக்குப் போனேன். பேசியது: நான் சொன்னது அப்படியே, பயமாக இருக்கிறது என்பது வரைக்கும். கேட்டது: "ஏனுங்க, டாக்டரப் பார்த்துட்டு வந்தனுங்க. எல்லாஞ் செரியா இருக்குதாம். மனசுக்கு நிம்மதியா இருக்குதுங்க."

அதற்குத்தான் ரொம்ப நல்லது என்றிருக்கிறார். அதற்குத்தான் மோர் கேட்டிருக்கிறார். நான் தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். பாவி மனுஷனை இருபது நாளாக மனசுக்குள் என்னவெல்லாம் திட்டியிருப்பேன்! சட்டைப் பையைத் துழாவிய கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

அழுது முடித்ததும் வேறொரு யோசனை வந்தது. இதை அவரிடம் சொல்லத்தான் வேண்டுமா? கட்டியில் பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டார். இவர் நிம்மதியாக நடமாடுகிறார், இதயமும் ஒழுங்காக அடிக்கிறது. அந்த நல்ல சுகுணாவே அவரோடு இருந்துவிட்டுப் போகட்டும். பக்கத்தை மூடப் போனேன். ஆனால் கண் அந்த வரியைவிட்டு நகரவில்லை. எல்லாஞ் செரியா இருக்குதாம். ஆஸ்பத்திரியில் நான் கேட்டதும் ஏறக்குறைய இதுதானே?

அந்த வெள்ளிக்கிழமை என் காதில் எது இருந்தது?

என் குறிப்பேட்டைப் பார்க்கவே தேவையில்லை. துடி வாரத்தின் கடைசி நாள். இரண்டு காதிலும் துடி. யோசித்துப் பார்த்தால், பெரிய சந்தேகக்காரி நான், மோரைச் சந்தேகப்பட்டேன், சிரிப்பைச் சந்தேகப்பட்டேன், கட்டின புருஷனைச் சந்தேகப்பட்டேன். நல்ல செய்தியை மட்டும் சந்தேகப்படத் தோன்றவேயில்லை.

என் போனை எடுத்தேன். கடைசிப் பக்கம். முதல் இடத்தில் அபார்ட்மென்ட் செயலாளர். அவருக்கும் கீழே, ஒரே ஒரு நாள், ஒன்பது முறை, பெயர் தெரியாத ஒரு பெண் குரல்.

பேசியது: "கேன்சர்தாங்க. ஆனா ஆரம்பத்துலயே பார்த்துட்டோம். தள்ளிப்போடக் கூடாது. அடுத்த வாரமே வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க."

கேட்டது எனக்கு மனப்பாடம்.

எழுந்து போய் பிரிட்ஜ் மேலிருந்த கவரைப் பிரித்தேன். தாளிலும் அதுதான் இருந்தது. டாக்டரம்மா எதற்குக் கையைப் பிடித்துக்கொண்டார் என்று அப்போது புரிந்தது. எடுக்காமல் விட்ட போன்கள் எங்கேயிருந்து வந்தன என்பதும் புரிந்தது. பன்னிரண்டு நாள் போயிருந்தது.

கூடத்துக்கு வந்தேன். சொன்னால் அவர் நெஞ்சு தாங்குமா? சொல்லாவிட்டால் என் உடம்பு தாங்குமா? ஸ்டென்ட் வைத்த டாக்டர் கொடுத்த மாத்திரை டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். பிறகு கையை நீட்டி, அவர் காதிலிருந்து இரண்டையும் கழற்றினேன்.

"என்ன அம்மிணி?"

சொன்னேன். ஒன்றையும் விடாமல், கட்டியிலிருந்து கவர் வரைக்கும்.

அவர் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பிறகு மேல் மாடி வரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினார்.

"அறிவிருக்குதாடி உனக்கு? ஊசிக்கு ஒத்தையாவா போன? நானென்ன செத்தா போயிட்டேன்? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு என்ன கேடு?"

"சொன்னனுங்க. நீங்க மோர் கேட்டீங்க."

"மோரா?" என்றார். அந்த ஒரு சொல்லோடு குரல் உடைந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். ஆறு மாதத்துக்குப் பிறகு என் புருஷன் என்னைத் திட்டினார். உள்ளதைச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

துடியோடு சேர்ந்து வந்த மணிக்கட்டுப் பட்டை அவர் கையில் கீச்கீச்சென்று கத்தியது. நூற்று இருபத்தெட்டு, அமைதியாக இருங்கள், இயர்பட்டை உடனே மாட்டுங்கள். நான் பதறி மாத்திரையை நீட்டினேன். அவர் அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, "கம்முனு கெட" என்று பட்டையைத் திட்டிக் கழற்றிச் சோபாவில் எறிந்தார். "செருப்பப் போடு. கெளம்பு."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார். மேஜையில் ஒரு எவர்சில்வர் தட்டு இருந்தது. போன தடவை அது இல்லை.

"காதுல ஏதாச்சும் மாட்டியிருக்கீங்களா? இருந்தா இதுல வெச்சிருங்க."

"இல்லீங்க. ரெண்டு பேருமே மாட்டல."

"இந்த மாசத்துல இப்படி வர்றதுல நீங்க நாலாவது ஆளுங்க. இன்னும் ரெண்டு பேர் வரவேயில்ல. போன் பண்ணிச் சொன்னா, ரொம்ப நன்றிங்க டாக்டர்ன்னு சந்தோஷமா வெச்சிடறாங்க."

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். என்ன வகை, எவ்வளவு பெரிது, எந்த நாள் ஆபரேஷன், அதற்குப் பிறகு என்னென்ன, பன்னிரண்டு நாள் தள்ளிப்போனதால் என்ன ஆகும், என்ன ஆகாது. இனிப்பாக ஒரு சொல்லும் இல்லை. என் வீட்டுக்காரர் என் கையை இறுக்கிக்கொண்டே வந்தார். வளையல் சதையில் அழுத்தியது.

"வலிக்குதுங்க" என்றேன் அவரிடம்.

"வலிக்கட்டும்" என்றார், பிடியை விடாமல்.

டாக்டரம்மா முடித்துவிட்டு, "ஏதாச்சும் கேட்கோணுங்களா?" என்றார்.

"ஒண்ணே ஒண்ணுதாங்க. இப்பச் சொன்னீங்கல்லொ, அதையே முதல்லேர்ந்து இன்னொருக்கா சொல்லுங்க."

அவர் அலுத்துக்கொள்ளாமல், முதலிலிருந்து மறுபடியும் சொன்னார். நான் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதே சொற்கள்தான் வந்தன, கேன்சர் என்பதும் அதே இடத்தில்தான் வந்தது. அதற்குப் பிறகுதான் நம்பினேன்.